பிப்ரவரி 1-ல் வசந்தமா? அயர்லாந்தின் பருவக் கணக்கும் நான்கு திருநாள்களும்

(டப்ளினில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது. பேச்சு நடையை ரொம்பத் திருத்தாமல் எழுத்தாக்கியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம்.

பிள்ளைகளை இங்கே பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற எல்லா வீட்டிலும் ஒரு முறையாவது இந்தக் குழப்பம் வந்திருக்கும். பிப்ரவரி 1 அன்று வசந்தம் தொடங்கிவிட்டது என்று டீச்சர் சொல்லி அனுப்புவார், பிள்ளை கோரையில் முடைந்த சிலுவையோடு வீட்டுக்கு வரும். வெளியே பார்த்தால் 5 டிகிரி, சாரல், காது மடலை அறுக்கிற காற்று. இந்த நாட்டு வானிலைத் துறையைக் கேட்டால் மார்ச் 1-தான் வசந்தத்தின் முதல் நாள் என்கிறது. செல்போனில் வருகிற செய்திகளோ மார்ச் 20 வரை காத்திருந்து "இன்று வசந்தம் அதிகாரபூர்வமாகத் தொடங்கியது" என்று போடும். ஒரே பருவத்துக்கு மூன்று தொடக்கம் என்றால் பிள்ளைக்கு நாம் என்னதான் பதில் சொல்வது?

டீச்சர் சொல்வதுதான் இந்தத் தீவுக்குப் பொருத்தம் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் அந்த "அதிகாரபூர்வமாக" என்கிற சொல்லைத் தள்ளிவைத்துவிடுவோம். பருவத்துக்கு அதிகாரம் கொடுத்த ஆள் யாரும் கிடையாது. வானத்தில் உண்மையாக நடப்பவை நான்கு: டிசம்பர் 21 வாக்கில் மிகக் குறுகிய பகல், ஜூன் 21 வாக்கில் மிக நீண்ட பகல், மார்ச்சிலும் செப்டம்பரிலும் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகிற ஒவ்வொரு நாள். பூமியின் அச்சு சுமார் 23.4 பாகை சாய்ந்திருப்பதால் வருகிற விளைவு இது, இதில் சண்டை ஒன்றும் இல்லை. ஆனால் இந்த நான்கு நாள்களில்தான் பருவம் *தொடங்குகிறது* என்று வானம் எங்கும் சொல்லவில்லை, அது நாம் வைத்துக்கொண்ட ஏற்பாடு. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், ஜூன் 21 கோடையின் முதல் நாள் என்றால் கோடை பிறந்த மறுநாளே பகல் குறைய ஆரம்பித்துவிடுகிறது, அப்புறம் கோடை முழுக்க வெளிச்சம் தேய்ந்துகொண்டே போகிறது! ஜூன் 24-ஐ ஆங்கிலேயர்களே பல நூற்றாண்டுகளாக நடுக்கோடை நாள் என்றுதான் சொல்கிறார்கள். அதற்கு முந்தின இரவு, புனித யோவான் திருநாளுக்கு முந்தின இரவில், மேற்கு அயர்லாந்தில் இன்றும் ஊருக்கு ஊர் தீ மூட்டுகிறார்கள். நடுக்கோடை ஜூன் 24 என்றால் கோடை எப்போது தொடங்கியிருக்க வேண்டும்? மே மாதத் தொடக்கத்தில். பழைய ஐரிஷ் கணக்கும் அதையேதான் சொல்கிறது: மே, ஜூன், ஜூலை கோடை.

சரி, அப்படியானால் வானிலைத் துறை ஏன் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்கிறது? அவர்கள் அளப்பது வெப்பத்தை. வெப்பம் எப்போதும் வெளிச்சத்துக்குப் பின்னால்தான் வரும். அடுப்பைப் பெரிதாக வைத்தவுடன் தோசைக்கல் சூடாகிவிடாது, அணைத்த உடனே ஆறிவிடவும் செய்யாது இல்லையா, அதுபோலத்தான் நிலமும் கடலும். அதிலும் இது கடல் சூழ்ந்த தீவு. இங்கே கடல் மிகக் குளிர்ந்திருப்பது பிப்ரவரி, மார்ச்சில், மிக அதிகமாகச் சூடேறியிருப்பது ஆகஸ்டில். அதனால் வெப்பக் கணக்கில் பருவங்கள் ஒரு மாதம் பின்னுக்குத் தள்ளிப்போகின்றன. முழு மாதங்களாக எடுத்துக்கொண்டால் சராசரி போடவும் வருடத்தோடு வருடம் ஒப்பிடவும் வசதி, அவர்கள் வேலைக்கு அது சரியான முறைதான்.

ஆனால் இந்தத் தீவில் வாழ்க்கையைப் புரட்டிப்போடுவது வெப்பமா வெளிச்சமா என்று இங்கே ஒரு குளிர்காலம் கழித்தவரைக் கேளுங்கள். டப்ளினில் ஜனவரிக்கும் ஜூலைக்கும் சராசரி வெப்பநிலையில் உள்ள இடைவெளி ஏறக்குறைய 10 டிகிரிதான். பகலின் நீளத்தைப் பாருங்கள்: டிசம்பர் கடைசியில் 7½ மணி நேரம், ஜூன் கடைசியில் 17 மணி நேரம். பிப்ரவரி 1 அன்று பகல் 9 மணி நேரத்தை நெருங்குகிறது, அதைவிட முக்கியமாக ஒவ்வொரு நாளும் மூன்று, நான்கு நிமிடம் கூடிக்கொண்டே போகிறது, வேலை முடிந்து வெளியே வரும்போது வானத்தில் இன்னும் வெளிச்சம் இருக்கிறதே என்று முதன்முதலாகக் கவனிப்பது அந்த வாரத்தில்தான். மே 1 அன்று 15 மணி நேரம். ஆகஸ்ட் 1 அன்றும் 15½ மணி நேரம் இருக்கும், ஆனால் அது இறங்குமுகம். நவம்பர் 1 அன்று சுமார் 9½ மணி நேரம். இப்போது அந்த நான்கு தேதிகளையும் வைத்து ஆண்டை நான்காக வெட்டினால் வெளிச்சம் மிகுந்த மூன்று மாதம் கோடை, வெளிச்சம் மிகக் குறைந்த மூன்று மாதம் குளிர்காலம் என்று அழகாக விழுகிறது. வானியல் கணக்குப்படி, முன்பு சொன்ன அந்த நான்கு வான நாள்களுக்கு இடையே துல்லியமான நடுப்புள்ளிகள் பிப்ரவரி 4, மே 5, ஆகஸ்ட் 7, நவம்பர் 7 வாக்கில் வரும். சீனப் பஞ்சாங்கத்தில் வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் தொடங்குகிற நாள்கள் இவையேதான். இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் பார்த்து எழுதியதாகத் தெரியவில்லை, சூரியனைப் பார்த்தவர்கள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

ஆனால் அந்தக் காலத்து ஐரிஷ் விவசாயி நடுப்புள்ளியைக் கணக்குப் போட்டு உட்கார்ந்திருக்கவில்லை. அவனுக்கு முக்கியம் மாடு. மாடும், புல்லும், பாலும், வெண்ணெயும். பிப்ரவரி 1, மே 1, ஆகஸ்ட் 1, நவம்பர் 1 ஆகிய நாள்களில் வருகிற பழைய ஐரிஷ் திருநாள்கள் நான்கைப் பற்றி இணையத்தில் கிடைப்பதில் பாதிக்குமேல் மாயம், மந்திரம், ட்ரூயிட் குருமார், நட்சத்திர ரகசியம். எனக்கு அதில் மனம் ஒட்டுவதில்லை. மாட்டைத் தொடர்ந்து போனால் எல்லாம் தெளிவாகிவிடுகிறது.

ஆண்டு பிறப்பது இருட்டில். சௌவின் என்று உச்சரிக்கிற திருநாள், நவம்பர் 1. ஆனால் கொண்டாட்டம் முந்தின மாலையே தொடங்கிவிடும், ஏனென்றால் நாள் என்பது சூரியன் மறைகிறபோது ஆரம்பிக்கிறது. கௌல் நாட்டு மக்கள், அதாவது இன்றைய பிரான்ஸ் பகுதியில் இருந்த கெல்டிக் மக்கள், காலத்தைப் பகலால் எண்ணாமல் இரவால் எண்ணுகிறார்கள், இரவுக்குப் பின்னால்தான் பகல் வருகிறது என்று ஜூலியஸ் சீசரே எழுதிவைத்திருக்கிறார். இரவு முதலில் என்றால் குளிர்காலம் முதலில் என்பதும் அதே மனப்போக்குதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பழைய ஐரிஷ் கதை ஒன்றில், கூ ஹுலின் என்ற வீரன் மணக்க விரும்பும் எமர் என்ற பெண்ணின் பேச்சு வழியாக இந்த நான்கு நாள்களும் வரிசையாக வருகின்றன. அதே கதை, முன்பு ஆண்டுக்கு இரண்டே பிரிவு என்றும் சொல்கிறது: மே தொடக்கத்திலிருந்து சௌவின் வரை கோடை, சௌவினிலிருந்து மே வரை குளிர்காலம். அடிப்படை அதுதான், நான்கு என்பது அதன்மேல் வந்தது.

ஏன் இரண்டு? மாடு மேலே போகிற பாதி, மாடு கீழே இருக்கிற பாதி. மே மாதம் புல் வளர்ந்ததும் மாடுகளை மலை மேய்ச்சலுக்கு ஓட்டிக்கொண்டு போவார்கள், கூடவே இளம்பெண்களும் பிள்ளைகளும் போவார்கள், அங்கேயே சின்னக் குடிசை போட்டுத் தங்கி, பால் கறந்து, வெண்ணெய் எடுத்து, கோடை முழுக்க இருந்துவிட்டு, சௌவின் நேரத்தில் இறங்கி வருவார்கள். மேயோ மாவட்டத்து அக்கில் தீவில் இந்த வழக்கம் 20-ஆம் நூற்றாண்டு வரை இருந்தது. ஸ்லீவ்மோர் மலையடியில் கைவிடப்பட்ட கல்வீடுகள் வரிசையாக நிற்கின்றனவே, கடைசிக் காலத்தில் அவை மேய்ச்சல் வீடுகளாகத்தான் பயன்பட்டன. அந்தப் பக்கம் சுற்றுலா போகிறவர்கள் அந்த வீடுகளுக்குள் நின்று பாருங்கள், ஒரு வீடு எவ்வளவு சிறியது என்று.

சௌவினில் மாடு இறங்கி வந்ததும் குளிர்காலத்துக்குத் தீவனம் எத்தனை தலைக்குப் போதும் என்று பார்த்து மிச்சத்தை வெட்டிவிடுவார்கள், அதனால் இறைச்சி, விருந்து. கணக்கு முடிக்கிற நாளும் அதுதான். பிற்காலத்தில்கூட நிலக் குத்தகை மே 1, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு இரண்டு தவணையாகக் கட்டப்பட்டது, வடக்கே அல்ஸ்டரில் கூலி ஆள் பிடிக்கும் சந்தைகள் மே மாதமும் நவம்பர் மாதமும்தான் நடந்தன, ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் அந்தச் சந்தைகளில் நின்று ஆறு மாதத்துக்கு ஒப்பந்தமாகி யாரோ ஒருவருடைய பண்ணைக்குப் போனார்கள். பேய்க்கதைகளுக்கு நடுவே இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

பேய்க்கதைகளும் இருக்கத்தான் செய்தன. இரண்டு பாதிகள் சந்திக்கிற இரவில் மறு உலகத்தின் கதவு திறக்கும் என்று நம்பினார்கள். ராஸ்காமன் மாவட்டத்து ரத்க்ரோகனில் பூனைகளின் குகை என்று ஒரு குகை இருக்கிறது, அதிலிருந்து பயங்கர உயிரினங்கள் வெளியே வந்ததாகக் கதைகள். சௌவினுக்குப் பிறகு கருநாவல் போன்ற அந்த முட்செடிப் பழங்களைப் பறித்துத் தின்னக்கூடாது, பூக்கா என்கிற சேட்டைக்காரப் பூதம் அதைக் கெடுத்துவிட்டிருக்கும் என்பார்கள். உலர்பழ ரொட்டிக்குள் மோதிரம் வைத்துச் சுடுவார்கள், துண்டில் மோதிரம் கிடைத்தவருக்கு அந்த வருடம் கல்யாணம். முகம் செதுக்கிய விளக்கு பூசணியில் இல்லை, டர்னிப் கிழங்கில். 19-ஆம் நூற்றாண்டில் பஞ்சத்துக்குப் பிழைக்க அமெரிக்கா போனவர்கள் கையோடு இதைக் கொண்டுபோனார்கள், அங்கே பூசணி மலிவாகக் கிடைத்தது, மீதிக் கதை உங்களுக்கே தெரியும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சௌவினை விழுங்கத்தான் திருச்சபை அனைத்துப் புனிதர் திருநாளை நவம்பர் 1-ல் வைத்தது என்று அடித்துச் சொல்கிறார்கள். ஆனால் கி.பி. 800 வாக்கில் எழுதப்பட்ட ஐரிஷ் திருநாள் பட்டியல் ஐரோப்பாவின் எல்லாப் புனிதர்களுக்கும் உரிய திருநாளை ஏப்ரல் 20-ல் வைத்திருக்கிறது. நவம்பர் 1 என்பது கண்டத்து ஐரோப்பாவிலிருந்து வந்து சேர்ந்தது. அதனால் அந்தக் குற்றச்சாட்டு அவ்வளவு எளிதில் நிற்காது.

இம்போல்க், பிப்ரவரி 1. செம்மறி ஆடுகள் சினையாகி மடி நிறைகிற காலம். மாடு பால் வற்றிக் கிடக்கிற மாதங்களுக்குப் பிறகு வீட்டுக்குள் பால் திரும்ப வருகிறது என்றால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நினைத்துப் பாருங்கள். பிரிஜிட் என்ற தெய்வத்தைப் பற்றியும் பழைய நூல்கள் பேசுகின்றன, கில்டேர் மடத்தை நிறுவிய புனித பிரிஜிட்டைப் பற்றியும் பேசுகின்றன, இருவரும் எங்கே ஒன்றாகிறார்கள் என்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். பிள்ளைகள் கொண்டுவருகிற கோரைச் சிலுவை இந்தப் பிரிஜிட்டின் பெயரில் முடைவதுதான். கில்டேரில் கன்னியர்கள் அணையாமல் காத்த நெருப்பைப் பற்றி 12-ஆம் நூற்றாண்டில் ஜெரால்ட் ஆஃப் வேல்ஸ் எழுதியிருக்கிறார். அணைந்துபோன அந்த நெருப்பை பிரிஜிடைன் சகோதரிகள் 1993-ல் மறுபடி ஏற்றினார்கள். ஜனவரி 31 இரவு ஒரு துணியை வெளியே போட்டுவைப்பார்கள், பிரிஜிட் அந்த வழியாகப் போகும்போது அதை ஆசீர்வதிப்பாள் என்று நம்பிக்கை, அந்தத் துணியைத் தலைவலிக்குக் கட்டுவார்கள், கன்று ஈனச் சிரமப்படும் மாட்டின்மேல் போடுவார்கள். 2023-லிருந்து இதற்கு அரசு விடுமுறையும் உண்டு.

பியால்டினே, மே 1. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 900 வாக்கில் தொகுக்கப்பட்ட ஒரு பழைய ஐரிஷ் அகராதி, ட்ரூயிட்கள் இரண்டு தீ மூட்டி, நோய் அண்டாமல் இருக்க மாடுகளை அவற்றுக்கு இடையே ஓட்டியதைக் குறிப்பிடுகிறது. மலைக்குப் போகுமுன் மந்தைக்குப் பாதுகாப்பு. தீவின் நடுவில் இருக்கிற உஷ்னக் குன்று இந்தத் தீயோடு சேர்த்துப் பேசப்படுகிற இடம். வீட்டு வாசலில் மஞ்சள் பூக்களைத் தூவுவார்கள், முள்மரக் கிளையை நட்டு அலங்கரிப்பார்கள். அன்றைக்கு யாருக்கும் பாலோ நெருப்போ கொடுக்கமாட்டார்கள், கொடுத்தால் அந்த வருடத்து வெண்ணெய் முழுக்க அவர்களோடு போய்விடும் என்று பயம். பண்டமாற்றுக்கும் குத்தகைக்கும் வெண்ணெய்தான் கைகொடுத்தது என்ற வீட்டில் அந்தப் பயத்துக்கு அர்த்தம் இருக்கிறது. எடின்பரோவின் கால்டன் குன்றில் ஏப்ரல் 30 இரவு நடக்கிற பெரிய தீத் திருவிழா 1988-ல் புதிதாகத் தொடங்கியது, பழைய சடங்கின் தொடர்ச்சி இல்லை, இருந்தாலும் நல்ல விழா.

லூனசா, ஆகஸ்ட் 1. இங்கேதான் நம் ஆட்கள் பலரும் மல்லுக்கு நிற்பார்கள், ஆகஸ்டில் எப்படி இலையுதிர்காலம் வரும், மரமெல்லாம் பச்சையாக இருக்கிறதே என்று. இலையைப் பார்த்தால் தப்புதான். ஐரிஷ்காரர்கள் பார்த்தது கதிரை, அவர்களுக்கு அது அறுவடைக் காலம். ஐரிஷ் மொழியில் செப்டம்பருக்குப் பெயரே நடு அறுவடை, அக்டோபருக்கு அறுவடை முடிவு, எனவே தொடக்கம் ஆகஸ்ட் என்பதில் சந்தேகமே இல்லை. ஜூலைதான் பசி மாதம். போன வருடத்துத் தானியம் தீர்ந்திருக்கும், பின்னாளில் உருளைக்கிழங்கு தீர்ந்திருக்கும், புதியது இன்னும் வந்திருக்காது. ஆகஸ்ட் 1-க்கு முன்னால் கிழங்கைத் தோண்டுவது சரியாகக் குடும்பம் நடத்தத் தெரியாதவன் வேலை என்று பேசுவார்கள். அப்படிக் காத்திருந்து முதல் விளைச்சலைச் சாப்பிடுகிற நாள் இது. லூ என்ற தெய்வம், காட்டை அழித்து விளைநிலம் ஆக்கி அந்த உழைப்பிலேயே உயிர்விட்ட தன் வளர்ப்புத் தாய் டால்ட்யூவின் நினைவாக இதை ஏற்படுத்தினான் என்பது கதை. மீத் மாவட்டத்தில் நாவனுக்கும் கெல்ஸுக்கும் இடையே இருக்கிற டெல்டவுனில் அந்தக் கூட்டம் கூடியது, குதிரைப் பந்தயம், விளையாட்டு, வழக்குத் தீர்ப்பு எல்லாம் நடந்தன. சுதந்திர அயர்லாந்து அந்தப் பெயரிலேயே 1924, 1928, 1932-ல் விளையாட்டுப் போட்டிகளை நடத்தியது.

மலை ஏறுவது இந்தத் திருநாளின் உயிர். ஜூலை கடைசி ஞாயிறு அன்று 764 மீட்டர் உயரமான க்ரோ பேட்ரிக் மலையில் ஆயிரக்கணக்கானவர்கள் ஏறுகிறார்களே, சிலர் வெறுங்காலோடு, அது புனித பேட்ரிக்குக்கான யாத்திரைதான், ஆனால் அந்த நாளும் அந்த ஏற்றமும் லூனசாவைச் சேர்ந்தவை என்று மாய்ரே மக்நீல் 1962-ல் வெளியிட்ட பெரிய ஆய்வில் காட்டினார். நாட்டார் வழக்காற்று ஆணையம் ஊர் ஊராகக் கேள்வித்தாள் அனுப்பித் திரட்டிய பதில்களை வைத்துச் செய்த வேலை அது. குன்றின்மேல் காட்டுப் பழம் பறிக்கப் போன ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி முதியவர்கள் சொன்ன சின்னச் சின்ன நினைவுகளெல்லாம் சேர்ந்து ஒரு மறந்துபோன திருநாளைத் திரும்பக் கொடுத்தன.

தேதிகளில் ஒரு சிக்கல் உண்டு. 1752-ல் பிரிட்டனும் அயர்லாந்தும் நாள்காட்டியை மாற்றியபோது செப்டம்பர் 2-க்கு மறுநாள் 14 ஆனது, 11 நாள் காணாமல் போயிற்று. புல்லுக்கும் மாட்டுக்கும் சட்டம் தெரியாதே, அதனால் பல ஊர்களில் பழைய தேதியையே பிடித்துக்கொண்டார்கள். அல்ஸ்டர் கூலிச் சந்தைகள் மே 12, நவம்பர் 12-ஐ ஒட்டி நடந்ததற்கு அதுதான் காரணம். கெர்ரியில் ஆட்டுக்கிடாவுக்கு முடிசூட்டுகிற பக் திருவிழா ஆகஸ்ட் 10 முதல் 12 வரை நடப்பதையும் சிலர் பழைய லூனசாவோடு சேர்த்துப் பார்க்கிறார்கள்.

"கெல்டிக்" என்று பொதுவாகச் சொல்வதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். நான்கும் சேர்ந்து எழுத்தில் கிடைப்பது இடைக்கால அயர்லாந்துத் துறவிகளின் ஏடுகளில்தான். ஸ்காட்லாந்தும் மேன் தீவும் இதில் பங்காளிகள், வேல்ஸில் மே 1-ம் நவம்பர் 1-ம் வலுவாக இருக்கின்றன. பிரான்ஸின் கொலின்யீ ஊரில் 1897-ல் கிடைத்த வெண்கல நாள்காட்டியில் சாமோனியோஸ் என்று ஒரு மாதம் இருக்கிறது, அது சௌவின்தான் என்று சிலர், இல்லை கோடை மாதம் என்று சிலர். எட்டுத் திருநாள்கள் கொண்ட ஆண்டுச் சக்கரம் என்று இன்று கடைகளில் படமாக விற்பது 1950-களில் இங்கிலாந்தில் உருவான ஏற்பாடு, செப்டம்பர் சம இரவுக்கு மாபோன் என்று பெயர் வைத்ததே 1970-களில் ஒரு அமெரிக்கர். அதைக் கொண்டாடுகிறவர்கள் மனதாரக் கொண்டாடட்டும், பழையது என்று மட்டும் சொல்ல வேண்டாம். நியூகிரேஞ்சும் கெல்டிக் இல்லை. டிசம்பர் சூரியன் 17 நிமிடம் உள்ளே வருகிற அந்தக் கல்லறை கி.மு. 3200 வாக்கில் கட்டியது, கெல்டிக் மொழிகள் இங்கே வருவதற்கு மிக முன்னால். மீத் மாவட்டத்து டாரா குன்றில் பணயக்கைதிகளின் மேடு என்கிற இன்னொரு கல்லறைக்குள் நவம்பர் தொடக்கத்திலும் பிப்ரவரி தொடக்கத்திலும் காலைச் சூரியன் புகுகிறது, அதுவும் அதே மாதிரி ஆதிகாலத்தது. பாதை குட்டையானது என்பதால் ஒரே நாள் என்று குறிக்க முடியாது, பல நாள்கள் ஒளி விழும். ஆனாலும் இந்த இரண்டு தேதிகளின் மேல் இந்தத் தீவுக்கு இருந்த கவனம், மொழியையும் மதத்தையும் தாண்டிப் பழையதாக இருக்கலாம் என்று நினைக்கிறபோது எனக்குப் புல்லரிக்கிறது.

இப்போது விடுமுறைப் பட்டியலைப் பாருங்கள்: பிப்ரவரி முதல் திங்கள், மே முதல் திங்கள், ஆகஸ்ட் முதல் திங்கள், அக்டோபர் கடைசித் திங்கள். ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு காரணத்துக்காக வந்தது, மே விடுமுறை தொழிலாளர் நாளுக்காக 1994-ல் வந்தது, பிரிஜிட் விடுமுறை ஒன்றுதான் வெளிப்படையாகப் பழைய திருநாளின் பெயரில் இருக்கிறது. ஆனால் நான்கும் போய் உட்கார்ந்த இடத்தைப் பாருங்கள்.

கடைசியாக, போய்ப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு. அக்டோபர் 31 மாலை மீத் மாவட்டத்து அத்பாய் ஊரிலிருந்து வார்டு குன்றுக்குத் தீப்பந்தங்களோடு ஊர்வலம் போகிற வழக்கம் இருக்கிறது, பழைய பெயர் ட்லாக்டா, சௌவின் தீயோடு சேர்த்துப் பேசப்படுகிற இடம். உஷ்னக் குன்று தனியார் நிலம், மே மாதத் தீ விழாவுக்கு முன்கூட்டியே சீட்டு வாங்க வேண்டும். க்ரோ பேட்ரிக்கில் உச்சிக்குக் கீழே உள்ள பகுதி முழுக்க உருளும் சரளைக்கல், நல்ல காலணியும் ஊன்றுகோலும் இல்லாமல் பிள்ளைகளைக் கூட்டிப்போகாதீர்கள். எங்கும் போக முடியாதவர்கள் ஜனவரி 31 அன்று பக்கத்து ஈரநிலத்தில் கோரை எடுத்துவந்து வீட்டிலேயே பிள்ளைகளோடு சிலுவை முடையலாம். கோரையைக் கத்தியால் வெட்டக்கூடாது, கையால்தான் பிடுங்க வேண்டும் என்பது இங்கத்திய முறை. நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.